பனிக்கட்டியில் ஒரு குழி

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு, பனிக்கட்டிப் பெட்டியைத் தொட்டியில் கவிழ்க்கப் போனபோதுதான் அந்தக் குழியைப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழையும் அகலம். நேராக, வழவழவென்று, அளவெடுத்துத் துளைத்த மாதிரி இருந்தது. காலையில் வேலை முடிந்ததும் பெட்டியை உறைபெட்டிக்குள் வைத்துவிட்டதால் குழி கலையாமல், ஓரமெல்லாம் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. குளிர்ந்த பொருளைச் செருகினால் பனிக்கட்டியில் இப்படி உருகிய குழி விழாது. கொதிக்கக் கொதிக்க ஒரு சின்னக் குப்பியைச் செருகினால்தான் விழும். அன்று அந்த அறையில் கொதித்த குப்பி ஒன்றே ஒன்று. அதைப் பனிக்கட்டியில் வைக்கவே கூடாது. வைத்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறையில். சுவரில் ஈயத்தகடு, கதவில் ஈயத்தகடு, கையை மட்டும் நீட்டி வேலை செய்யும் தடித்த கண்ணாடியிலும் ஈயம். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் காலணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இந்த மாதிரி இடம் என்னைப் போன்ற ஆளுக்கு ஆகாது. சும்மாவே உட்கார்ந்த இடத்திலிருந்து மனம் எங்கேயாவது கிளம்பிவிடும். பள்ளியில் பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்துத்தான் என்னைத் திருப்பிக் கொண்டுவருவாள். கண் என்னவோ திறந்தேதான் இருக்கும். என் கணவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார். பதினாலு வருஷமாக அதுதான் பெயர். தபாலில் என் நிஜப் பெயருக்கு ஏதாவது வந்தால் "இது யாருடி, என் தம்பி வீட்டு விலாசத்துல?" என்று கேட்பார்.

கொதித்த குப்பி அண்ணிக்கானது.

போன வருஷம் அண்ணியின் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. அதிலிருந்து நழுவிய செல்கள் உடம்பில் வேறெங்காவது போய்க் குடியேறியிருக்கின்றனவா என்பது மட்டும் தெரியவில்லை. வழக்கமான படங்களில் அவ்வளவு சின்னது தெரியாது. அதற்காகத்தான் எங்கள் அறைக்கு ஒரு புது இழை வந்தது. சோதனை முறையில் சிலருக்கு மட்டும் கொடுக்கிறார்கள். ஆப்டமர் என்று பெயர். நம் மரபுச் செய்தி எந்த நாலு சரக்கால் எழுதப்பட்டிருக்கிறதோ அதே சரக்கைக் கோத்துச் செய்த, எண்பது கண்ணி நீளமுள்ள டி.என்.ஏ. இழை. ஆனால் இதில் செய்தி எதுவும் இல்லை. வடிவம்தான் எல்லாம். தன்மேல் தானே வளைந்து, மடிந்து, சரியான உருவத்துக்கு வந்துவிட்டால் நோய்ச் செல்லின் மேலுள்ள ஒரு புடைப்பில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல செல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இழையின் வாலில் நாங்கள் துளி கதிரியக்கப் பொருளைக் கட்டி அனுப்புவோம். அது போய் உட்கார்ந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். தெரிந்தால், அடுத்த மாதம் அதே இழையின் வாலில் மருந்தைக் கட்டி அனுப்பலாம். எதுவும் தெரியாவிட்டால் சிகிச்சையை அத்தோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்த இழையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அண்ணி ஒருமுறை கேட்டார். சொன்னேன். கண்டபடி கோத்த கோடிக்கணக்கான இழைகளை நோய்ச் செல்களின் மேல் ஊற்றுவார்கள், கழுவுவார்கள், ஒட்டியதை மட்டும் எடுப்பார்கள். அதை நல்ல செல்களின் மேல் ஊற்றி, அதில் ஒட்டுவதைத் தூக்கிப் போடுவார்கள். மிச்சத்தைப் பெருக்கி மறுபடியும் ஊற்றுவார்கள், மறுபடியும் கழுவுவார்கள். இப்படிப் பன்னிரண்டு சுற்று. அண்ணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன்னைப் பொண்ணு பார்த்த கதைதான். எங்க வீட்டுக்கு வந்த புதுசுல உன்னை நாங்க பன்னெண்டு தடவை கழுவி ஊத்தினோம். நீதான் விடாம ஒட்டிக்கிட்ட" என்றார். அன்றிலிருந்து ஆப்டமருக்கு அண்ணி வைத்த பெயர் 'உன் நூலு'. 'உன் நூலு எப்ப வருது?' 'உன் நூலு குத்தினா வலிக்குமா?'

நூல் சரியாக மடிய வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. குப்பியைத் தொண்ணூற்றைந்து டிகிரியில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பழைய மடிப்பெல்லாம் கலைந்து இழை நேராகிவிடும். பிறகு வெளியே எடுத்து மேசைமேல் உள்ள தாங்கியில் நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். யாரும் எதுவும் செய்யக் கூடாது. சூடு இறங்க இறங்க இழை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். சட்டென்று குளிரவைத்தால் கிடைத்த இடத்தில் அவசரமாக மடிந்து, தப்பான உருவத்திலேயே விறைத்துப்போகும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நிறமற்ற தண்ணீர்.

எனக்கு அந்த நாற்பது நிமிடம் பிடிக்கும். சம்பளம் கொடுத்துச் சும்மா உட்காரச் சொல்கிறார்கள். குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தால், உள்ளே கோடிக் கோடி இழைகள் நீரில் மிதந்தபடி மெல்லப் புரள்வதும், ஒரு முனை இன்னொரு முனையைத் தொட்டு, இல்லை என்று விலகி, வேறொன்றைத் தொட்டு நிற்பதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

இதற்கு முன் வேறொரு கூடத்தில் ஏழு வருஷம் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். அங்கே முறை நேர்மாறு. சூட்டிலிருந்து எடுத்தால் அடுத்த நொடி பனிக்கட்டி. இழைகள் மறுபடி சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு நாளைக்கு நூறு குப்பி: சூடு, பனிக்கட்டி, சூடு, பனிக்கட்டி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் கைக்கு அது தொட்டில் பழக்கம்.

குழிக்கு முன்னால் நின்று காலையை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிட மணி அடித்தது. அதே சமயம் சுவரிலிருந்த தொலைபேசியும் அடித்தது. என் கணவர். வாடகை வண்டி ஓட்டுகிறவர். அன்று அக்காவுக்காக விடுப்பு எடுத்திருந்தார். "மேலே வந்தாச்சு. அக்கா பயப்படுது, ஆனா பயப்படலைன்னு சொல்லுது" என்றார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு நான் பேசியது நினைவிருக்கிறது. அவர் குரல் நினைவிருக்கிறது. அண்ணி பின்னாலிருந்து "யாருடா பயந்தது?" என்று அதட்டியது நினைவிருக்கிறது. கை என்ன செய்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. பக்கத்தில் வேறொரு மருந்துக்காகப் பனிக்கட்டிப் பெட்டி திறந்திருந்தது. இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். பேசி முடித்துத் திரும்பி, எங்கிருந்து எடுக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் குப்பியை எடுத்துத் தாங்கியில் நிறுத்தி, நாற்பது நிமிடம் ஒழுங்காகக் காத்திருந்து, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கதிர்ப்பொருள் வாலில் ஒட்டியிருக்கிறதா என்று காகிதப் பட்டையில் வைத்துப் பார்த்தேன்; ஒட்டியிருந்தது. அந்தப் பட்டைக்கு வாலைத்தான் தெரியும். மடிப்பைத் தெரியாது.

பெட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே உறைபெட்டியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். படம் எடுக்கும் பகுதியின் நடைவழியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டு ஆளுங்களா? நல்ல செய்திதான். எங்கேயும் எதுவும் ஒட்டல. படம் சுத்தமா இருக்கு. வியாழக்கிழமை கூட்டத்துல வெச்சு முடிவு பண்ணிடலாம், மேற்கொண்டு மருந்து வேண்டாம்னு" என்றார். அண்ணி சுவரில் சாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் கணவர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். சத்தம் நடைவழி வரைக்கும் கேட்டது. வெளியே வந்து, "முகம் கழுவினேன்" என்றார். அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உன் நூலு தேடித் தேடிப் பார்த்துட்டு ஒருத்தரும் வீட்ல இல்லைன்னு வந்துடுச்சு போல" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒவ்வொரு மருந்திலும் சில துளி மிச்சம் வைக்க வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கிழமை காலை அந்த மிச்சத்தை எடுத்து, கிண்ணத்தில் வளரும் நோய்ச் செல்களின் மேல் ஊற்றினேன். முறையாக ஆறவைத்த புது இழையைப் பக்கத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன். மூன்று தடவை கழுவினேன். பிறகு ஒவ்வொன்றாகக் கதிர் எண்ணும் கருவியில் வைத்தேன். புது இழையின் கிண்ணத்தில் எண்கள் மளமளவென்று ஏறின. அண்ணியின் மிச்சம் ஊற்றிய கிண்ணத்தில், வெறுங் கிண்ணத்தில் வரும் அளவுதான் வந்தது. எல்லாம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. கருவியை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன என்று நான் யோசிக்கவில்லை என்றால் அது பொய். அன்று பகல் முழுவதும் அதைத்தான் யோசித்தேன். அண்ணியின் உடம்பு நிஜமாகவே சுத்தமாக இருக்கலாம். இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பதிவேடு சரியாக இருக்கிறது, பட்டை சரியாக இருக்கிறது, பனிக்கட்டி உருகினால் குழியும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை. இங்கே பூசணிக்காய் தானாகவே கரைந்துவிடும். ஆனால் உடம்பு சுத்தமாக இல்லாவிட்டால், வியாழக்கிழமை அந்தக் கூட்டத்தில் நிறுத்தப்போகும் மருந்துதான் அண்ணியின் உயிர். எதுவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை நான் 'இல்லை' என்று கொடுத்திருக்கிறேன்.

மாலையில் அண்ணி வீட்டுக்குச் சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்த அண்ணியின் காலில் புதுக் காலணி. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு நிறம், தடித்த அடிப்பாகம், கயிறு கட்டுவது.

"கடைக்காரன்கிட்ட இது எத்தனை வருஷம் உழைக்கும்னு கேட்டேன். மூணு வருஷம்மான்னான். போன மாசம்னா சிரிச்சுட்டு வந்திருப்பேன். அதுல பாதி வருஷம் வர்றதாக் குடுன்னு கேட்டிருப்பேன்" என்றார்.

கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். சோபாவைச் சுற்றினார். கண்ணாடி முன் நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கழற்றி, வாசலில், முனை இரண்டும் வெளியே பார்க்கும்படி சேர்த்து வைத்தார். அண்ணி எப்போதும் அப்படித்தான் வைப்பார். கிளம்பும்போது திரும்பி நின்று மாட்டிக்கொண்டிருக்க முடியாது என்பார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ஒரு மாடி வீட்டில் எல்லா ஜன்னலும் இருட்டாக இருந்தது. உள்ளே ஆள் இல்லையா, இருந்தும் விளக்குப் போடவில்லையா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து என்னை நகரச் சொன்னார்.

புதன்கிழமை காலை கையுறை மேடத்தின் முன் பனிக்கட்டிப் பெட்டியை வைத்தேன். எங்கள் பிரிவின் தலைவி. யார் எதைத் தொடப் போனாலும் "முதல்ல கையுறை" என்பார் என்பதால் அந்தப் பெயர். குழியைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குழியைப் பார்த்தார்.

"நானும் உங்க பழைய கூடத்துல இருந்து வந்தவதான். எனக்கும் முதல் வருஷம் கை ஐஸுக்குத்தான் போகும். யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உங்க அண்ணி மருந்தை உங்களைச் செய்யவிட்டது என் தப்பு. அதையும் எழுதணும்" என்றார்.

"அண்ணிகிட்ட நானே சொல்றேன் மேடம்."

"டாக்டர்தான் சொல்லணும். அதுதான் விதி."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இந்த அறிக்கை எழுதி முடிக்க நாலு மணி ஆகும். அதுக்கு அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட முடியும்" என்றார்.

அண்ணி ஒரு பெரிய விடுதியின் துணி அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். கட்டில் விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் சலவையிலிருந்து அந்த அறைக்குத்தான் வரும். நான் போனபோது பிற்பகல் இரண்டு மணி. உயரமான ஜன்னலிலிருந்து வெயில் இறங்கி, வெள்ளை விரிப்புகளில் பட்டு, அறை முழுவதும் பால் நிறமாக இருந்தது. துணி தேய்க்கும் இயந்திரத்தின் ஆவியில் எதிர்ச் சுவர் கலங்கித் தெரிந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் வெதுவெதுப்பு. அங்கே நின்றால் நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிடும் போலிருந்தது. மறந்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

"வாடி தூங்குமூஞ்சி, நல்ல நேரத்துல வந்த. துணைக்கு வர்ற பொண்ணு இன்னைக்கு லீவு. அந்த முனையைப் பிடி" என்றார் அண்ணி. புதுக் காலணி போட்டிருந்தார்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. விலகி நின்று இழுத்து உதற வேண்டும், பிறகு நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேரும்போது முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். என் முனைகளை அண்ணி வாங்கிக்கொள்வார், நான் குனிந்து கீழ் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். முதல் விரிப்பை மடித்து முடித்தோம். இரண்டாவதில், முகம் அருகில் வந்தபோது சொன்னேன்.

"அண்ணி, திங்கட்கிழமை மருந்துல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எந்த மருந்துல?"

"உங்க மருந்துல."

அண்ணி முனைகளை வாங்கிக்கொண்டார். நான் பின்னால் போனேன். மறுபடி வந்தேன்.

"சூடா இருந்த குப்பியை ஐஸ்ல வெச்சுட்டேன். நூலு தப்பா மடிஞ்சிடுச்சு. அப்படி மடிஞ்சா அது எங்கேயும் ஒட்டாது. நேத்து சோதிச்சுப் பார்த்தேன், ஒட்டல."

"படம் சுத்தமா இருந்துச்சே."

"அது சுத்தம் இல்ல அண்ணி. நோய் இருந்தாலும் அந்தப் படம் அப்படித்தான் இருக்கும், இல்லாட்டியும் அப்படித்தான் இருக்கும். நமக்கு இன்னும் ஒண்ணுமே தெரியல."

அண்ணி அந்த விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். உள்ளங்கையால் ஓரத்தை நீவினார். ஏதோ சரியில்லை என்று எடுத்து, முழுவதும் உதறி, மறுபடி என்னிடம் இரண்டு முனைகளைக் கொடுத்தார். சூட்டோடு தப்பாக மடித்த மடிப்பு உதறினாலும் போகாது. நடுவில் ஒரு கோடு விரிப்பின் நீளத்துக்கும் தெரிந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க மேடத்துக்கு. நாலு மணிக்கு மேல டாக்டருக்கு."

"என் தம்பிக்கு?"

"இன்னும் சொல்லல."

"நீ சொல்லாத. நான் சொல்லிக்கிறேன். உன்கிட்ட கத்துவான். என்கிட்ட கத்தமாட்டான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விரிப்பைக் கீழே விட முடியாது. தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டே அழுதேன். "திட்டுங்க அண்ணி" என்றேன்.

"கோபம் வருதுடி. வராம இருக்குமா? நேத்து இங்க இருக்கிற எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் குடுத்தேன். அடுத்த வருஷ வேலைப் பட்டியல்ல என் பேரைப் போடச் சொல்லிட்டேன்." அண்ணி நடந்து வந்து என் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டார். "ஆனா திட்டினா உனக்குச் சுலபமாப் போயிடும். அதனால திட்டமாட்டேன்."

அடுத்த விரிப்பை எடுத்தோம். விலகினோம், உதறினோம், சேர்ந்தோம். பதினைந்து, பதினாறு என்று விரிப்புகள் ஏறின. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து அடுக்கின் மேல் விழுந்தது. கடைசி விரிப்பில் முகம் அருகில் வந்தபோது அண்ணி சொன்னார்.

"ரெண்டு ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஒரு வருஷமா அப்படித் தூங்கல. அதை நான் திருப்பிக் குடுக்கமாட்டேன், ஆமா." விரிப்பை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "மறுபடி எப்போ?" என்றார்.

"டாக்டர் சரின்னா வெள்ளிக்கிழமை. நான் செய்யமாட்டேன். வேற ஆள் செய்வாங்க."

"வேற ஆளா? அந்த ஆளு கை ஐஸுக்குப் போகாதுன்னு யார் சொன்னது? நீயே செய். இந்தத் தப்பை நீ இனிமே செய்யமாட்டே."

கையுறை மேடம் முதலில் மாட்டேன் என்றார். அண்ணி தொலைபேசியில் அவரிடம் பத்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று இருவருமே சொல்லவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் அண்ணியின் பெயரை எடுக்காமல் தள்ளிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மேடம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அறையில் பனிக்கட்டிப் பெட்டி இல்லை. தொலைபேசியின் கம்பியை மேடமே பிடுங்கி வைத்திருந்தார்.

மணி அடித்தது. குப்பியை எடுத்தேன். கை இடது பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தது. பெட்டி வழக்கமாக இருக்கும் பக்கம். நானும் மேடமும் அதைப் பார்த்தோம். பிறகு குப்பியைத் தாங்கியில் நிறுத்தினேன்.

நாற்பது நிமிடம். மனம் கிளம்பத்தான் பார்த்தது. குப்பிக்குள் இழைகள் புரள்வதைப் பார்த்தேன். ஒரு முனை இன்னொரு முனையை நோக்கி வந்தது. இரண்டும் வெள்ளையாக, நீளமாக, யாரோ இரண்டு பேர் எதிரெதிரே பிடித்திருக்கும் விரிப்புகளாக ஆயின. ஓர் அறை நிறைய, ஒரு நகரம் நிறைய ஆட்கள், பேசாமல், விலகி, உதறி, சேர்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அவசரம் இல்லை. மேடம் என் முழங்கையைத் தொட்டார். "இங்கதான் இருக்கேன்" என்றேன். குப்பி அறையின் சூட்டுக்கு வந்திருந்தது.

ஊசி போடுவதற்கு முன் அண்ணி கேட்டார்: "முழிச்சிருந்தியா?"

"நாப்பது நிமிஷமும்."

"என்ன நினைச்சே?"

"எதையும் நினைக்கல."

"பொய் சொல்லாத. முகத்துலயே தெரியுது."

"விரிப்பு மடிச்சேன் அண்ணி."

அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். "நல்லது. வெளிச்சம் வந்தாலும் என்கிட்ட சொல்லு, வரலைன்னாலும் சொல்லு. ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மூன்று மணி நேரம் கழித்து, அண்ணி படம் எடுக்கும் அறைக்குள் போய் அந்தக் குறுகிய மேசையில் படுத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னால், டாக்டருக்குப் பின்னால் நின்றேன். என் கணவர் நடைவழியில் இருந்தார். அவர் இரண்டு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை, காலையில் மட்டும், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். எந்திரத்தின் தட்டு அண்ணியின் மேல் இறங்கி நின்றது. திரை கறுப்பாக இருந்தது. படம் ஒரேயடியாக வராது. முதல் மழை விழும்போது காய்ந்த மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுமே, அப்படித்தான் வரும். சிறுநீரகங்கள் எப்போதும் முதலில் தெரியும். தெரிந்தன. மருந்து வெளியேறும் வழி அது, கணக்கில் இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டாகவே இருக்க வேண்டும் என்று வேண்டினேன். உடனே, இருட்டாகவே இருந்தால் இதையும் நம்ப முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். ஒரு வெளிச்சம் வந்தால் என் நூல் சரியாக மடிந்தது என்று அர்த்தம். அது போய் ஒட்டுவது எதன்மேல் என்பதை நினைத்ததும் அந்த வேண்டுதலையும் விட்டுவிட்டேன். இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு புள்ளி விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இன்னும் சொல்ல முடியாது, பன்னிரண்டு நிமிஷம் இருக்கு" என்றார்.

திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கண்ணாடி வழியே பார்த்தேன். அண்ணி அசையாமல் படுத்திருந்தார். மேலே போர்த்திய வெள்ளை விரிப்பின் கால்பக்க ஓரம், செவிலியர் விட்டபடி இல்லாமல், இரண்டு மூலையும் ஒட்டி, நறுக்கென்று மடிந்திருந்தது. படுப்பதற்கு முன் தானே மடித்து வைத்திருக்கிறார். உள்ளே, கதவோரமாக, பழுப்புக் காலணிகள் இரண்டும் சேர்ந்தாற்போல், முனை வெளியே பார்த்தபடி இருந்தன.